ஓர் ஆற்றுக்கு ஒருத்தி

அய்யம்பேட்டை,
19 மே 2024

அன்புத் தங்கை தஹ்மீனாவுக்கு, லாத்தா ஹாஃபிஸா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

அல்லாஹ்வின் கிருபையால் நானும் அம்மாவும் சுகம். அம்மாவின் முழங்கால் மட்டும் சுகமில்லை. அது எப்போதும் தனிக் குடித்தனம்தான். உன் சளி விட்டதா? காட்டுக்குள் போகும்போது அட்டைக்கு உப்பு எடுத்துக்கொள்கிறாயா? உன் ஆராய்ச்சி முகாமில் போனுக்குச் சிக்னல் இல்லாததில் எனக்கு ஒரு லாபம் உண்டு. நான் பேசும்போது நீ குறுக்கே வர முடியாது. இந்தக் கடிதம் ஜீப்பில் மலையேறி உன் கைக்கு வரும்வரை நான் சொல்வதுதான் பேச்சு.

விஷயத்துக்கு வருகிறேன். சென்னையில் பசுந்தாள் அறக்கட்டளை என்று ஒன்று இருக்கிறதாம். சுற்றுச்சூழலையும் விலங்குகளையும் காப்பதற்கான ஆராய்ச்சிக்கு நிதி தருகிறார்கள். கல்லூரிப் பலகையில் ஒட்டியிருந்ததை நின்று திரும்பத் திரும்பப் படித்தேன். என் கூகைகளுக்காகவே எழுதியது போல இருந்தது. விண்ணப்பிக்கப் போகிறேன்.

நெல்வயலில் கம்பம் நட்டு, பெட்டி கட்டி, கூகையைக் குடிவைத்து, அது எவ்வளவு எலி தின்கிறது என்று இத்தனை வருஷம் நான் பார்த்ததெல்லாம் என் சம்பளத்தில்தான். கௌரவ விரிவுரையாளர் என்று பேர். சம்பளத்தில்தான் கௌரவம் இல்லை. கூகை கக்கிப்போட்ட எலும்பு உருண்டைகளை மொட்டைமாடியில் காயவைத்தால் அம்மா வடகத்தைத் தூக்கிக்கொண்டு கீழே ஓடுகிறார்கள். உன் மச்சான் ஷார்ஜாவிலிருந்து, "ஆந்தைக்கு ஏணி வாங்கவா நான் இந்த வெயில்ல கெடக்குறேன்?" என்கிறார். உனக்கென்ன, ஜீப், கேமரா, மாசம் பிறந்தால் சம்பளம். மலையில் நீ இருமினால்கூட அது ஆராய்ச்சி. பொறாமையில் சொல்லவில்லை, சும்மா சொல்கிறேன்.

ஒரு நிபந்தனை இருக்கிறது. ஓர் ஆற்றுப் படுகைக்கு ஒரே திட்டம்தான் எடுப்பார்களாம். காவிரிப் படுகையில் கூகையோடு மல்லுக்கட்டும் பைத்தியம் என்னை விட்டால் யார்? என் விண்ணப்பத்தின் நகலை இதோடு வைத்திருக்கிறேன். உன் ஆங்கிலம் சுத்தம், திருத்தி அனுப்பு.

வேளைக்குச் சாப்பிடு. தொழுகையை விடாதே.

உன் லாத்தா,
ஹாஃபிஸா

●

ஆனைமலை, மேல்முகாம்,
4 ஜூன் 2024

அன்புள்ள லாத்தாவுக்கு, தஹ்மீனாவின் ஸலாம்.

சுகமாக இருக்கிறேன். சளி போய்விட்டது. அம்மாவின் முழங்காலுக்கு ஒரு தைலம் அனுப்புகிறேன், இங்கே சமைக்கிற அக்கா காய்ச்சியது. சூடாகத் தேய்க்கச் சொல்லுங்கள்.

விண்ணப்பத்தைப் படித்தேன். நன்றாக இருக்கிறது. ஆங்கிலத்தைத் திருத்தியிருக்கிறேன். ஓரிடத்தில் மட்டும், "கூகை குஞ்சு பொரிக்கும் வயல்களில் விவசாயிகள் எலிமருந்து வைப்பதில்லை" என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். ஏன் வைப்பதில்லை, யார் சொல்லிக் கேட்கிறார்கள் என்று எழுதவில்லையே.

இங்கே ஓயாத மழை. யானைகள் கீழே இறங்கிவிட்டன. பல வாரமாக நான் பார்ப்பது அவற்றின் சாணத்தைத்தான்.

நானும் அதே அறக்கட்டளைக்கு விண்ணப்பிக்கலாமா என்று யோசிக்கிறேன். முடிவு செய்ததும் எழுதுகிறேன்.

எனக்காக துஆ செய்யுங்கள்.

தஹ்மீனா

●

அய்யம்பேட்டை,
21 ஜூன் 2024

அன்புத் தஹ்மீனாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

பெருநாள் நல்லபடியாகப் போயிற்று. குர்பானிக் கறியில் உன் பங்கை அம்மா எடுத்துவைத்து, அப்புறம் ஞாபகம் வந்து, பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தார்கள். தைலம் நாறுகிறது, ஆனால் கேட்கிறது. நீ இளைத்திருப்பாய் என்று அம்மாவுக்குக் கவலை.

நீ சொன்ன இடத்தை விரித்து எழுதி அனுப்பிவிட்டேன். உனக்குத் தெரியாததா? வடக்கு வாய்க்கால் விவசாயிகள் எல்லாரும் சம்பாவில் ஒரு நாள் குறித்து, ஒரே நாளில் எலிமருந்து வைப்பார்கள். அந்த நாளைக் குறிக்கும் கூட்டத்துக்கு நான் ஒரு டப்பா தம்ரூட் இனிப்போடு போவேன். முதல் தடவை வீரையன், "சாக்குருவிக்கு வக்காலத்து வாங்க வந்தீங்களா டீச்சர்?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். இப்போது நான் போய் உட்காராமல் அவர்கள் பேச்சையே தொடங்குவதில்லை. எந்தப் பெட்டியில் குஞ்சு இருக்கிறது என்று சொல்வேன். அதைச் சுற்றியிருக்கிற வயல்களில் மருந்து கிடையாது, மூங்கில் கிட்டி வைத்துத்தான் எலி பிடிப்பார்கள். அவ்வளவுதான் என் விஞ்ஞானம்.

நீ எதைப் பற்றி விண்ணப்பிக்கிறாய் என்று சொல்லவே இல்லையே. யானையா, சிங்கவால் குரங்கா? எதுவானாலும் உன் மலை வேறு ஆறு, என் வயல் வேறு ஆறு. உனக்கும் கிடைக்கும், எனக்கும் கிடைக்கும், இன்ஷா அல்லாஹ். உனக்குக் கிடைத்து எனக்குக் கிடைக்காமல் போனால் மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பேன், இப்போதே சொல்லிவிட்டேன்.

உன் லாத்தா,
ஹாஃபிஸா

●

ஆனைமலை, மேல்முகாம்,
12 ஜூலை 2024

அன்புள்ள லாத்தாவுக்கு ஸலாம்.

நலம். அங்கேயும் அப்படியே இருக்க வேண்டுகிறேன். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. பாதை சரிந்து ஜீப் வரவில்லை.

விண்ணப்பம் அனுப்பிவிட்டேன். திருவாரூரிலிருந்து பூதலூர்வரை நெல்வயல்களில் கூகைகளைக் காப்பது பற்றி. உங்கள் வடக்கு வாய்க்காலும் அதில் வருகிறது. களத் துணைவர் என்று உங்கள் பெயரைப் போட்டிருக்கிறேன். உங்களிடம் கேட்டுவிட்டுப் போட்டிருக்க வேண்டும். கடைசித் தேதி நெருங்கிவிட்டது.

நம் இரண்டு பேரில் யாருக்குக் கிடைத்தாலும் கூகைகளுக்கு நல்லதுதானே?

அம்மாவுக்குக் கால் எப்படி இருக்கிறது?

தஹ்மீனா

●

அய்யம்பேட்டை,
18 ஜூலை 2024

தஹ்மீனாவுக்கு ஸலாம். சுகமா என்று கேட்க மனசில்லை. கேட்காமல் இருக்கவும் பழக்கமில்லை. சுகமா?

உன் கடிதத்தை அடுப்படியில் நின்று படித்தேன். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது, பார்த்துக்கொண்டே நின்றேன். எனக்கு வயிறு எரிகிறது. மறைத்தேன் என்று பிறகு யாரும் சொல்லக் கூடாது, அதனால் எழுதியே தருகிறேன்: பற்றிக்கொண்டு எரிகிறது.

பூதலூரில் நீ ரயிலைத் தவிர எதையடி பார்த்திருக்கிறாய்? என் விண்ணப்பத்தைத் திருத்தச் சொல்லி உன் கையில் நானே கொடுத்தேன். "யார் சொல்லிக் கேட்கிறார்கள்" என்று நீ கேட்டதும் பெருமையாக விலாவாரியாக எழுதினேன். களத் துணைவராம். என் கூகைக்கு நான் துணையா?

ஒருத்தியைத்தான் வெளியூர் அனுப்பிப் படிக்கவைக்க முடியும் என்று அத்தா சொன்னார்கள். "பெரியவ வீட்டோட இருக்கட்டும்" என்றார்கள். தலையாட்டினேன். கும்பகோணத்துக்கு பஸ்ஸில் போய் வந்து படித்தேன். நீ டேராடூன் போனாய், பெங்களூர் போனாய், போட்டோ போட்டோவாக அனுப்பினாய். ஒவ்வொன்றையும் அம்மாவுக்குப் பெரிதாக்கிக் காட்டியவள் நான்தான். காட்டிவிட்டுப் போய் பாத்திரம் கழுவுவேன், கொஞ்சம் சத்தமாக. இதையெல்லாம் நான் ஒரு நாளும் சொல்லிக்காட்டியதில்லை. இப்போது சொல்லிக்காட்டுகிறேன்.

ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் பதில் எழுது. உன் மலையில் விலங்கே இல்லையா? எதற்காக இங்கே வந்தாய்?

மேட்டூர் இன்னும் திறக்கவில்லை. ஊரே வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. அம்மா கால் அப்படியேதான்.

ஹாஃபிஸா

●

ஆனைமலை, மேல்முகாம்,
25 செப்டம்பர் 2024

அன்புள்ள லாத்தாவுக்கு ஸலாம். நீங்களும் அம்மாவும் நலமா? இத்தனை நாள் எழுதாததற்கு என்னிடம் காரணம் இல்லை.

அறக்கட்டளையிலிருந்து கடிதம் வந்தது. என் திட்டத்தை எடுத்திருக்கிறார்கள். உங்களுக்கும் பதில் வந்திருக்கும். இதை நான்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். ஜீப் நாலு நாள் கழித்துத்தான் வந்தது.

லாத்தா, நீங்கள் இதில் சேர வேண்டும். உங்களுக்கும் சம்பளம் போட்டிருக்கிறேன். என் இங்கத்திய வேலை ஜனவரியில்தான் முடிகிறது, அதற்கு முன்னால் விட மாட்டார்கள். அதற்குள் சம்பாவில் மருந்து வைக்கும் நாள் வந்துவிடும். வருஷாவருஷம் போவது போல இந்த வருஷமும் நீங்கள் கூட்டத்துக்குப் போய்ச் சொல்ல வேண்டும். இது ஒன்றுதான் கேட்கிறேன்.

இங்கே குளிர் தொடங்கிவிட்டது. நீங்கள் பின்னிக்கொடுத்த ஸ்வெட்டரைத்தான் போட்டிருக்கிறேன்.

தஹ்மீனா

●

அய்யம்பேட்டை,
9 அக்டோபர் 2024

மதிப்பிற்குரிய முதன்மை ஆய்வாளர் அவர்களுக்கு,

தாங்கள் நலமுடன் இருப்பீர்கள் என நம்புகிறோம். தங்கள் மகத்தான வெற்றி குறித்து இவ்வூர் மக்கள் அனைவரும் மகிழ்ச்சியடைந்தனர். குறிப்பாகத் தங்கள் தாயார் தெருவில் போகிற பால்காரரைக்கூட நிறுத்தி, "சின்னவளுக்கு ஆராய்ச்சிக்கு நிதி வந்திருக்கு" என்று அறிவித்துவருகிறார். "என்ன ஆராய்ச்சி?" என்று அவர் கேட்டதற்கு, "ஆந்தைதான், பெரியவளும் ஏதோ பார்ப்பா" என்று பதிலளித்தார். பெரியவள் அப்போது மாடியில் கூகை கக்கிய உருண்டைகளைத் திருப்பிப்போட்டுக்கொண்டிருந்தாள்.

எனக்கு வந்த பதிலில், இப்படுகையில் இதைவிட விரிவான திட்டம் ஒன்று தேர்வாகிவிட்டது என வருத்தத்துடன் தெரிவித்திருந்தார்கள். அவர்கள் வருத்தம் அவர்களோடு இருக்கட்டும்.

கூட்டத்துக்குப் போகும்படி தாங்கள் கேட்டிருந்தீர்கள். திட்டம் தங்களுடையது. வயலும் தங்கள் வரைபடத்துக்குள் இருக்கிறது. ஆகவே தாங்களே வந்து சொல்லிக்கொள்வதுதான் முறை. களத் துணைவர் வேலைக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்ளவும்.

அம்மாவுக்குக் கால் வலி அதிகம். தைலம் தீர்ந்துவிட்டது. இன்னும் ஒரு பாட்டில் அனுப்பவும்.

இப்படிக்கு,
ம. ஹாஃபிஸா

●

ஆனைமலை, மேல்முகாம்,
4 நவம்பர் 2024

லாத்தா,

அஸ்ஸலாமு அலைக்கும். தைலம் அனுப்பியிருக்கிறேன். அம்மாவைப் படி ஏற விடாதீர்கள்.

நீங்கள் என்னை "தாங்கள்" என்று எழுதியதை மூன்று நாள் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஜீப் கீழே போன அன்று நானும் போனேன். சிக்னல் கிடைத்ததும் வீரையன் அண்ணனைக் கூப்பிட்டேன். நான் யார் என்று சொல்லிப் புரியவைப்பதற்குள் வெகுநேரம் ஆகிவிட்டது. "டீச்சர் வந்து சொல்லட்டும்மா, வழக்கமா அவங்கதானே சொல்லுவாங்க" என்று வைத்துவிட்டார். நான் சொன்னால் கேட்க மாட்டார்கள் லாத்தா. நீங்கள் என்னோடு பேச வேண்டாம், என் திட்டத்தில் சேர வேண்டாம். கூட்டத்துக்கு மட்டும் போங்கள்.

தஹ்மீனா

●

அய்யம்பேட்டை,
19 டிசம்பர் 2024

தஹ்மீனாவுக்கு ஸலாம். நாங்கள் சுகம். நீ சுகமா?

வடக்கு வாய்க்காலில் இராஜாங்கம் வயல் பெட்டியில் இருந்த கூகையும் குஞ்சுகளும் செத்துவிட்டன. அடுத்த கம்பத்திலும் அப்படித்தான். வீரையன் வந்து கூப்பிட்டார், போனேன். தாய் வரப்பில் கிடந்தது. ஏணி வைத்து நானே ஏறிப் பார்த்தேன். பெட்டிக்குள் குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. பக்கத்தில் தின்னாத எலி ஒன்று இருந்தது. மருந்து தின்ற எலி தள்ளாடிக்கொண்டு நடக்கும், கூகைக்கு அதைப் பிடிப்பது சுலபம். வகுப்பில் இதை நான் வருஷாவருஷம் நடத்துகிறேன்.

"நீங்க வரலியே டீச்சர்," என்றார் வீரையன். "வரலேன்னதும் பெட்டி வேலயெல்லாம் முடிஞ்சிருச்சு போலன்னு நெனச்சுக்கிட்டோம். குஞ்சு இருந்தா நீங்க வராம இருக்க மாட்டீங்கன்னு இராஜாங்கமே சொன்னாரு." அவர் தப்பு செய்தவர் போலத் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றார். நான் வராததையே அவர்கள் சம்மதமாக எடுத்துக்கொண்டு எல்லா வயலிலும் மருந்து வைத்துவிட்டார்கள்.

கூட்டம் நடந்த அன்று நான் வீட்டில்தான் இருந்தேன். இராஜாங்கம் போன் அடித்தார். எடுக்கவில்லை. மணி அடித்து ஓயும்வரை அவர் பேரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என்னை விட்டால் ஆள் இல்லை என்று உனக்குத் தெரியட்டும் என்று இருந்தது. தெரியவந்துவிட்டது.

வேறு எழுத ஒன்றுமில்லை.

ஹாஃபிஸா

●

ஆனைமலை, மேல்முகாம்,
2 ஜனவரி 2025

லாத்தாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

அம்மாவும் நீங்களும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். எனக்கு உங்கள்மேல் கோபம் இருக்கிறது. சின்னக் கோபம் இல்லை. அதை ஒளித்துவைத்துக்கொண்டு சுகம் விசாரிக்க வரவில்லை.

நீங்கள் ஒரு கேள்வி கேட்டீர்கள், நான் பதிலே சொல்லவில்லை. இந்த மலையில் விலங்குகள் ஏராளம். யானைக்காக விண்ணப்பித்திருந்தால் போட்டிக்கு ஆளே இல்லை. ஆனால் யானையைப் பற்றி நான் எழுதுகிறவற்றை யாரும் படிப்பதில்லை லாத்தா. நான் சொல்லி இங்கே ஒரு மரத்தைக்கூட வெட்டாமல் விட்டதில்லை. போன வருஷம் லீவில் வந்தபோது உங்களோடு வாய்க்கால் பக்கம் வந்தேனே, அங்கே எல்லாரும் உங்களிடம் பேசினார்கள். வயலைப் பற்றி, பெட்டியைப் பற்றி, மகள் கல்யாணத்தைப் பற்றி. என்னைப் பார்த்து ஒருவர், "டீச்சர் தங்கச்சியா?" என்றார். யாரும் என் பெயரைக் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து சோறு இறங்கவில்லை. அம்மா காய்ச்சல் என்று நினைத்தார்கள்.

டேராடூன் போட்டோக்களுக்காக நீங்கள் பாத்திரத்தைச் சத்தமாகக் கழுவினீர்கள். நான் உங்கள் வாய்க்காலையே எடுத்துக்கொள்ளப் பார்த்தேன். ஒரு டப்பா இனிப்போடு நீங்கள் போய் உட்கார்ந்தால் ஓர் ஊரே மருந்தைக் கீழே வைக்கிறதே, அது எனக்கு வேண்டும் என்றிருந்தது. நிதியும் என் பெயரில் வந்துவிட்டது. நீங்கள் ஒரு நாள் போகாமல் இருந்தீர்கள், அவ்வளவுதான், எல்லாம் முடிந்துவிட்டது. என் திட்டத்தில் கூகை, வயல், வரைபடம் எல்லாம் இருந்தது. அது மொத்தமும் நீங்கள்தான் என்பதை மட்டும் நான் எழுதவில்லை.

கூகைகள் செத்ததை அறக்கட்டளைக்கு எழுதிவிட்டேன். முதன்மை ஆய்வாளர் வயலில் இல்லாததால் நடந்தது என்று எழுதினேன். உங்கள் பெயரைச் சொல்லவில்லை. தெற்கு வாய்க்காலில் தாளடி நெல்லுக்கு இன்னும் மருந்து வைக்கவில்லை என்றால் அங்கேயாவது பார்ப்போம். நீங்கள் சொன்னால் திட்டத்தை உங்கள் பெயருக்கு மாற்றும்படி கேட்கிறேன்.

தஹ்மீனா

●

அய்யம்பேட்டை,
17 ஜனவரி 2025

என் தஹ்மீனாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

அம்மா இப்போது சுவரைப் பிடிக்காமல் நடக்கிறார்கள். நான் நன்றாகத் தூங்குவதில்லை, மற்றபடி சுகம். உனக்குக் குளிர் எப்படி?

பெயரை மாற்றுகிற வேலையெல்லாம் வேண்டாம். நீ விட்டுக்கொடுத்து நான் வாங்கினால் அது எனக்கு உள்ளே இறங்காது, தொண்டையிலேயே நிற்கும். அடுத்த சுற்றில் என் பேரில் விண்ணப்பிப்பேன். உன்னைத் தோற்கடிக்கத்தான் விண்ணப்பிப்பேன். என் விண்ணப்பத்தை இனிமேல் உன்னிடம் திருத்தத் தர மாட்டேன்.

யாரால் செத்தன என்பதை அறக்கட்டளைக்கு நானும் எழுதிவிட்டேன். நீ என் பேரை மறைத்தது உன் பெருந்தன்மை. அதையும் என்னால் தாங்க முடியவில்லை.

பொங்கல் முடிந்த மறுநாள் தெற்கு வாய்க்கால்காரர்கள் தாளடிக்கு மருந்து வைக்கும் நாளைக் குறிக்கக் கூடினார்கள். போனேன். வெறுங்கையோடு போனேன், இனிப்பு கொண்டுபோக முகமில்லை. வடக்கில் நடந்தது அங்கே எல்லாருக்கும் தெரிந்திருந்தது. முருகையன் நகர்ந்து இடம் கொடுத்தார். அந்தப் பக்கம் பெட்டியில் ஒரு ஜோடி இருக்கிறது, முட்டை இட்டிருக்கிறது என்று சொன்னேன். அவர்கள் தலையாட்டினார்கள். அதோடு எழுந்து வந்திருக்கலாம். எழுந்திருக்கவில்லை.

"இனிமே இந்த வேலைய என் தங்கச்சி பாக்கும். அடுத்த மாசம் வருது. அது சொல்றதக் கேளுங்க," என்றேன். நான் கூட்டத்தில் இவ்வளவு சின்னக் குரலில் பேசியதே இல்லை.

"டீச்சர் தங்கச்சியா? சரி சரி," என்றார் முருகையன்.

"தங்கச்சின்னா பேரு இல்லியா? பேரு தஹ்மீனா," என்றேன். கொஞ்சம் கோபமாகவே வந்துவிட்டது. அவர் இரண்டு தடவை வாய்க்குள் சொல்லிப் பார்த்தார், சரியாக வரவில்லை. மூன்றாம் தடவை வந்துவிட்டது. "தஹ்மீனா டீச்சர் எப்ப வருவாங்கன்னு சொல்லுங்க, அன்னிக்கே நாள் குறிச்சுக்கலாம்" என்றார். அதுவரை யாரும் மருந்து வாங்கக்கூடாது என்று எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள்.

உன் பேரை நான்தான் அவர்கள் வாயில் வைத்தேன். ஆனாலும் அவர் அப்படிச் சொன்னதும் எனக்குப் பொறுக்கவில்லை. வழியெல்லாம் எரிந்துகொண்டே வண்டி ஓட்டி வந்தேன். இது அணையும் என்று உனக்கு நான் வாக்குத் தர மாட்டேன். அவர்கள் உனக்காகக் காத்திருக்கிறார்கள், வந்து சேர்.

எரிச்சலோடும் துஆவோடும்,
உன் லாத்தா